வெங்காயத் தூளும் பூண்டுத் தூளும் நம் சமையலுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

அயல்நாட்டு நகரம் ஒன்றில் தனி அறை எடுத்துத் தங்கி, ஒற்றை மின்அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தினமும் சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்து வதக்க நேரம் கிடைப்பதில்லை. கடையில் விற்கும் வெங்காயத் தூளையும் பூண்டுத் தூளையும் வைத்தே சாம்பார், ரசம், காரக் குழம்பு, குருமா எல்லாம் செய்துவிடலாமா? எந்த அளவில், எந்தக் கட்டத்தில் சேர்க்க வேண்டும்?"

சிலவற்றைத் தாராளமாகச் செய்யலாம், சிலவற்றைப் பாதியளவு ஒப்பேற்றலாம், சிலவற்றைத் தொடவே கூடாது. எது எந்த வகை என்பதை, அந்தப் பதார்த்தத்தில் வெங்காயமும் பூண்டும் என்ன வேலை செய்கின்றன என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். வெங்காயம் குழம்புக்கு வாசனை தருகிறது, இனிப்புத் தருகிறது, வதங்கிக் கரைந்து கெட்டித்தன்மை தருகிறது, சில சமயங்களில் அதுவே கடித்துத் தின்னும் காயாகவும் இருக்கிறது. உலர்ந்த தூளால் வாசனையை நன்றாகவும் இனிப்பை ஓரளவும் கொடுக்க முடியும். கெட்டித்தன்மைக்கு அதை நம்ப முடியாது, காயாக அது இருக்கவே முடியாது.

ஆகவே வெங்காய சாம்பாரைத் தூளில் செய்ய முயல வேண்டாம். அதில் முழுதாக வெந்து, பருப்பையும் புளியையும் உள்ளே வாங்கிக்கொண்ட சின்ன வெங்காயம்தான் சாம்பாரே. பூண்டுக் குழம்பும் அப்படித்தான். நல்லெண்ணெயில் நிதானமாக வதங்கி, புளியில் வெந்து, நாக்கில் வைத்ததும் மசிந்துபோகும் பூண்டுப் பல்லுக்காகத்தான் அந்தக் குழம்பை வைக்கிறோம். வெங்காய ஊத்தப்பம், வெங்காயப் பச்சடி, வெங்காயச் சட்னி ஆகியவற்றுக்கும் இதுவே விடை. முருங்கைக்காயோ கத்தரிக்காயோ போட்ட சாம்பார், மிளகு ரசம், காய்கறிக் குருமா, சுண்டல் மசாலா போன்றவற்றில் வெங்காயமும் பூண்டும் பின்னணியில் நிற்பவை என்பதால், முறையாகச் சேர்த்தால் உலர்ந்தவற்றை வைத்தே நல்ல சுவை கொண்டுவரலாம்.

பச்சைப் பூண்டைவிடத் தூளே சிறப்பாக அமையும் இடங்களும் உண்டு. இதை நம் சமையலில் பலர் கவனிப்பதில்லை. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி ஆகியவற்றில் பச்சைப் பூண்டைச் சேர்த்து அரைத்தால், எவ்வளவு வறுத்தாலும் கொஞ்சம் ஈரம் தங்கிவிடும், பொடி விரைவில் காறிப்போகும். நல்ல பூண்டுத் தூளைக் கடைசியில் கலந்தால் அந்தத் தொல்லை இல்லை. பூண்டு முறுக்கு பிழிபவர்களுக்கு இன்னொரு சிக்கல் தெரியும்: அரைத்த பூண்டின் துணுக்கு அச்சின் துளையில் அடைத்துக்கொள்ளும். அதற்காகவே விழுதை வடிகட்டி அந்தச் சாற்றில் மாவு பிசைகிறார்கள். தூள் போட்டால் வடிகட்டும் வேலையே வேண்டாம். தோசைக்கல்லில் மீன் பொரிக்கும்போதும் இஞ்சி பூண்டு விழுதின் ஈரம் மசாலாவை இளக்கிக் கல்லில் ஒட்டவைக்கும்; மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு இவற்றோடு பூண்டுத் தூளைக் குழைத்துத் தடவி அரை மணி நேரம் வைத்தால் மசாலா மீனைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். "பூண்டுத் தூள் போட்டேன், பூண்டு வாசனையே வரவில்லை" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அதைக் கொதிக்கும் பாத்திரத்தில் நேராகக் கொட்டியிருப்பார்கள். உரித்த பூண்டுப் பல்லை முழுதாக முகர்ந்து பாருங்கள், வாசனை மிகக் குறைவு. நசுக்கிய மறுகணம் மூக்கில் ஏறுகிறது. பூண்டுக்குள் அல்லியின் என்னும் கந்தகச் சேர்மம் ஓர் இடத்திலும், அதை மாற்றும் அல்லினேஸ் என்னும் நொதி வேறோர் இடத்திலும் தனித்தனியே இருக்கின்றன. நசுக்கும்போது இரண்டும் கலந்து, காரமும் நெடியும் கொண்ட அல்லிசின் உருவாகிறது. குறைந்த சூட்டில் பக்குவமாக உலர்த்திய பூண்டுத் தூளில் அல்லியினும் அந்த நொதியும் இரண்டுமே எஞ்சியிருக்கும். ஆனால் நீர் இல்லாததால் அவை செயலற்றுக் கிடக்கும். நீர் பட்டால்தான் நொதி வேலையைத் தொடங்கும். கொதிநீரில் போட்டாலோ, வேலை தொடங்குவதற்கு முன்பே சூட்டில் அழிந்துவிடும். நமக்குக் கிடைப்பது மந்தமான, பழைய பூண்டின் மணம் மட்டுமே.

எனவே தூளை முதலில் சாதாரண நீரிலோ, கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரிலோ குழைத்துப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். புளிக்கரைசலில் குழைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். புளிப்பு மிகுந்த நீரில் இந்த நொதி முடங்கிப்போகும். நம் சமையலில் ரசமும் குழம்பும் புளியில்தான் தொடங்குகின்றன என்பதால், மற்றவர்களைவிட நமக்கு இந்த எச்சரிக்கை அதிகம் தேவைப்படுகிறது.

ரசத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு பேருக்கான மிளகு ரசத்தில் நாலைந்து நாட்டுப் பூண்டுப் பல்லைத் தோலோடு தட்டிப் போடுவது வழக்கம். அதற்குப் பதிலாக, புளியை ஊறப்போடும்போதே ஒரு சிறு கிண்ணத்தில் அரைத் தேக்கரண்டி பூண்டுத் தூளை ஒரு மேசைக்கரண்டி நீர் விட்டுக் குழைத்து மூடி வைத்துவிடுங்கள். குழைத்த உடன் முகர்ந்தால் காய்ந்த மாவின் வாசனையே இருக்கும். சில நிமிடங்கள் கழித்து மூடியைத் திறந்தால், அப்போதுதான் பூண்டை நசுக்கியதுபோல நெடி எழும்பும். ரசம் நுரை கூடி வரும்போது அடுப்பை அணைத்துவிட்டு இந்தக் குழைசலை ஊற்றி, கொத்தமல்லித்தழை தூவி, இரண்டு நிமிடம் மூடி வைக்க வேண்டும். ரசத்தின் சூடே அதன் பச்சை நெடியைத் தணித்துவிடும். இதே குழைசலை முதலிலேயே ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால், மணத்தின் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும்.

வாங்கிய தூள் இப்படி உயிர்க்கக் கூடியதா என்பதைச் சோதிப்பதும் எளிது. ஒரு சிட்டிகையைச் சில சொட்டு நீரில் குழைத்து ஐந்து நிமிடம் கழித்து நாக்கில் வைத்துப் பாருங்கள். சுருக்கென்று காரம் இருந்தால் நல்ல தூள். எதுவுமே இல்லாவிட்டால் அதிகச் சூட்டில் உலர்த்தியது அல்லது பழையது. அதை ஊறவைத்தும் பயனில்லை என்பதால், நெடுநேரம் கொதிக்கும் குழம்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வெங்காயத் தூளில் இந்தப் பச்சைக் காரம் அவ்வளவாகத் திரும்புவதில்லை. அது தருவது வெந்த வெங்காயத்தின் இனிப்பு கலந்த மணம் என்பதால், அதைக் குழம்பு கொதிக்கும்போதே சேர்த்துவிடலாம்.

அடுத்தது எண்ணெய். நம் கை பழக்கத்தில் வெங்காயமும் பூண்டும் தாளிப்பை அடுத்து உடனே வாணலியில் விழுபவை. அந்தப் பழக்கத்திலேயே தூளையும் கடுகு வெடித்த எண்ணெயில் போட்டால் சில நொடிகளில் கருகிவிடும். பச்சை வெங்காயத்தில் இருக்கும் நீர் ஆவியாகி முடியும்வரை அது கருகாமல் காக்கப்படுகிறது. தூளுக்கு அந்தக் காப்பு இல்லை, துகள்களும் மிக நுண்ணியவை. கருகிய பூண்டின் கசப்பைத் தேங்காய்ப்பாலோ வெல்லமோ மறைக்காது. அந்தக் குழம்பை அப்புறம் யாராலும் தேற்ற முடியாது. அதனால் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். காரக் குழம்பு என்றால் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, தக்காளியைப் போட்டு அது நீர் விட்டுக் குழையும்வரை வதக்குங்கள். வெங்காயத் தூளைக் குழம்புத் தூளோடு சேர்த்து அரைக் கிண்ணம் நீரில் கரைத்து, அந்தக் கரைசலைத் தக்காளியின் மேல் ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை கிளறுங்கள். கரைசலில் நீர் இருக்கும்வரை சூடு கொதிநிலையைத் தாண்டாது என்பதால் எதுவும் கருகாது, தூளின் பச்சை வாசனையும் போய்விடும். பிறகு புளிக்கரைசல் ஊற்றிக் கொதிக்கவிட்டு, ஊறிய பூண்டுக் குழைசலில் பாதியைக் கொதிக்கும்போதும் மீதியை இறக்கும்போதும் சேர்த்தால், வெந்த பூண்டின் மணமும் பச்சைப் பூண்டின் மணமும் ஒன்றாகக் கிடைக்கும்.

வதக்கி அரைத்த வெங்காயம் தரும் கெட்டித்தன்மையை வேறு வழியில்தான் ஈடுகட்ட வேண்டும். சாம்பாரில் ஒரு கைப்பிடி துவரம்பருப்பைக் கூட்டலாம். குருமாவில் தேங்காயோடு ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை அரைத்து ஊற்றலாம். கெட்டிப்படட்டும் என்று வெங்காயத் தூளையே அள்ளிப் போடுவது தவறான வழி. குழம்பு தேவையற்ற இனிப்போடும் அடியில் ஒரு கசப்போடும் முடியும்.

அளவைப் பொறுத்தவரை, வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் ஒரே விகிதத்தைப் பயன்படுத்துவதுதான் பரவலாக நடக்கும் பிழை. பெரிய வெங்காயத்தின் எடையில் ஏறத்தாழ 88 விழுக்காடு நீர். 100 கிராம் வெங்காயம் முழுதாக உலர்ந்தால் 12 கிராம் அளவுக்குத்தான் மிஞ்சும். பூண்டில் நீர் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். 100 கிராம் பூண்டிலிருந்து 40 கிராம்வரை கிடைக்கும். ஆகவே வெங்காயம் எட்டில் ஒரு பங்காகவும், பூண்டு இரண்டரையில் ஒரு பங்காகவும் சுருங்குகின்றன. கரண்டிக் கணக்கில் சொன்னால், 100 கிராம் எடையுள்ள நடுத்தரப் பெரிய வெங்காயம் ஒன்றுக்கு இரண்டு தேக்கரண்டித் தூளில் தொடங்கி, தேவைப்பட்டால் ஒரு மேசைக்கரண்டிவரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம். பூண்டில், அங்கே நீங்கள் வாங்கும் பெரிய பல் ஒன்றுக்கு அரைக்கால் தேக்கரண்டியிலிருந்து கால் தேக்கரண்டிவரை போதும். நம் நாட்டுப் பூண்டின் சிறு பல் இரண்டுக்கும் இதே அளவு. தூளாக இல்லாமல் ரவைபோன்ற குருணையாக இருந்தால், துகள்களுக்கிடையே காற்று அதிகம் என்பதால் கரண்டி அளவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். தேக்கரண்டி என்று சொல்வது 5 மில்லிலிட்டர் அளவுக் கரண்டியை. சாப்பிடும் கரண்டியால் அளந்தால் கணக்குத் தப்பும்.

குருமாவுக்கும் சுண்டல் மசாலாவுக்கும் தூளைவிட உலர்ந்த வெங்காயச் சீவலையே நான் பரிந்துரைப்பேன். மூன்று மேசைக்கரண்டி சீவலை முக்கால் கிண்ணம் வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறவைத்தால் பருத்து, மென்மையாகி, ஒரு வெங்காயம் நறுக்கிய அளவுக்கு வந்துவிடும். நகத்தால் கிள்ளிப் பார்த்து, நடுவில் தோல்போல இழுத்தால் இன்னும் சற்று நேரம் விடுங்கள். நன்றாகப் பிழிந்து எண்ணெயில் வதக்கலாம். பச்சை வெங்காயத்தைவிட இது விரைவாகச் சிவந்துவிடும் என்பதால், தீ மிதமாக இருக்கட்டும், கரண்டி கையிலேயே இருக்கட்டும். பிழிந்த நீரைக் கீழே கொட்டாதீர்கள். வெங்காயத்தின் இனிப்பில் ஒரு பகுதி அதில்தான் இறங்கியிருக்கும், குருமாவில் ஊற்றிவிடுங்கள். பிரியாணிக்கு என்றால் பொரித்த வெங்காயமாகவே பொட்டலத்தில் கிடைக்கிறது, அது ஊறவைக்கத் தேவையில்லாத வேறு பொருள்.

எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் சாம்பார் வீட்டுச் சாம்பார்போல வரவில்லையே என்று தோன்றினால், அதற்கும் காரணம் உண்டு. இந்தியாவில் வெங்காயம் உலர்த்தும் தொழில் பெருமளவில் நடப்பது குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் இருக்கும் மகுவாவைச் சுற்றி. அங்கே பெரும்பாலும் வெள்ளை வெங்காயமே உலர்த்தப்படுகிறது; அதில் திடப்பொருள் அதிகம், உலர்ந்த பின்னும் நிறம் வெளுப்பாக நிற்கும். பெரம்பலூரிலோ திண்டுக்கல்லிலோ விளையும் சின்ன வெங்காயத்தின் காரமும் அடர்த்தியும் அதற்குக் கிடையாது. சின்ன வெங்காயத்துக்குத் தூளில் மாற்று வேண்டுமானால் கடைத்தூளை விட்டுவிட்டு, நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைத்தான் நாட வேண்டும்.

தாளிப்பு வடகத்தைச் சொல்கிறேன். வெங்காயத்தையும் பூண்டையும் உலர்த்திச் சேமித்து, ஆண்டு முழுவதும் மணமூட்டப் பயன்படுத்தும் கலை நமக்குப் புதியதன்று. சித்திரை வைகாசி வெயிலில், விலை இறங்கியிருக்கும் சின்ன வெங்காயத்தை உரித்து, பூண்டோடு சேர்த்து உரலில் ஒன்றிரண்டாக இடிக்கிறார்கள். ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்த உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், பெருங்காயம், கறிவேப்பிலை, உப்பு எல்லாம் சேர்த்துப் பிசைந்து, ஓர் இரவு மூடி வைத்து, மறுநாள் உருண்டை பிடித்து வெயிலில் வைக்கிறார்கள். மாலையில் எடுத்து உதிர்த்து, காலையில் திரும்பப் பிசைந்து உருட்டி, மீண்டும் வெயில். உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்காமல் இருக்க இந்த உதிர்த்து உருட்டும் வேலையைச் சோம்பாமல் பல நாள் செய்ய வேண்டும். கடைசி உருட்டலில் கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொள்வார்கள். நன்றாகக் காய்ந்த உருண்டை கறுத்து, கல்போல இறுகி, ஓராண்டு கெடாமல் இருக்கும்.

பூண்டுத் தூள் கருகிப்போகும் அதே எண்ணெயில் வடகம் ஏன் கருகுவதில்லை என்பதைப் பார்த்தால் அதன் அருமை விளங்கும். இடித்த துண்டுகள் பெரியவை. உளுந்து அவற்றைச் சூழ்ந்து பிடித்திருக்கிறது. ஆகவே எண்ணெயில் உதிர்த்துப் போட்டால் பொன்னிறமாகிப் பொரிவதற்குப் போதிய நேரம் கிடைக்கிறது, சின்ன வெங்காயம் வதங்கிச் சிவந்த மணம் அந்தச் சில நொடிகளில் முழுதாக எண்ணெயில் இறங்கிவிடுகிறது. மீன் குழம்பு, காரக் குழம்பு, கீரை மசியல், வற்றல் போட்ட குழம்பு எதுவானாலும் நெல்லிக்காய் அளவு வடகத்தை உதிர்த்துத் தாளித்துக் கொட்டினால் போதும். கடுகும் வெந்தயமும் சீரகமும் அதிலேயே இருப்பதால் தனித் தாளிப்பும் தேவையில்லை. உப்பும் அதில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, குழம்பின் உப்பைக் குறைத்துப் போடுங்கள். பிரெஞ்சுச் சமையலில் வாடுவான் என்ற பெயரில் வழங்கும் மசாலா புதுச்சேரி வழியாக அங்கே போன இந்த வடகத்திலிருந்து வந்ததுதான். நீங்கள் இருக்கும் ஊரில் அது கிடைத்தாலும் கிடைக்கும். ஊருக்கு வந்து திரும்பும்போது ஒரு கிலோ வடகம் கொண்டுபோனால், ஒரு மனிதரின் சமையலுக்கு அது நீண்ட காலம் வரும். என்னைக் கேட்டால் வெங்காயத் தூளைவிட அதற்கே பெட்டியில் முதலிடம் கொடுப்பேன்.

வயிற்று உப்புசத்துக்காக வெங்காயத்தையும் பூண்டையும் தவிர்க்குமாறு மருத்துவர் சொன்னவர்கள், தூளாகப் போட்டால் பாதகமில்லை என்று எண்ண வேண்டாம். உப்புசத்துக்குக் காரணமான புரக்டான் என்னும் கார்போஹைட்ரேட் உலர்ந்தாலும் போவதில்லை, செறிவுதான் கூடுகிறது. அவர்களுக்குப் பெருங்காயமே ஏற்றது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும் என்பதைக் கோதுமை ஒவ்வாதவர்கள் பார்த்து வாங்க வேண்டும்.

கடையில் வாங்கும்போது பூண்டுத் தூளும் பூண்டு உப்பும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். பூண்டு உப்பில் பெரும்பங்கு உப்புதான். மேலே சொன்ன அளவில் அதைப் போட்டால் ரசம் வாயில் வைக்க முடியாமல் போகும். பொட்டலத்தின் பின்புறம் உட்பொருள் பட்டியலில் பூண்டு மட்டும் இருந்தால் நல்லது. கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் சிறிதளவு இருந்தாலும் குறையில்லை. மாவோ ஸ்டார்ச்சோ முன்னால் எழுதியிருந்தால் வேறு பொட்டலத்தைத் தேடுங்கள். 50 கிராமுக்கு மேல் ஒரே நேரத்தில் வாங்காமல், இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில் வைத்து, உலர்ந்த கரண்டியால் எடுங்கள். ஆவி பறக்கும் பாத்திரத்தின் மேல் புட்டியைக் கவிழ்த்துத் தட்டும் பழக்கம்தான் பல புட்டிகளைக் கட்டியாக்குகிறது. கட்டியானாலும் வாசனை சரியாக இருந்தால் உடைத்துப் பயன்படுத்தலாம், பூசண வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

நேரத்தை மிச்சப்படுத்த நினைப்பவருக்கு, ஒரு வாரத்துக்கான பூண்டை மொத்தமாக நீரில் குழைத்து எண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். அதைச் செய்யவே கூடாது. தூளாக இருக்கும்வரை அதில் கிருமி வளர ஈரம் இல்லை. நீரும் சேர்ந்து, எண்ணெய்க்கு அடியில் காற்றும் படாமல் அறைச் சூட்டில் இருந்தால், பாட்டுலிசம் என்னும் கொடிய நோய்க்குக் காரணமான நச்சை உண்டாக்கும் கிருமிக்கு அது தோதான இடமாகிவிடும். 1985இல் கனடாவின் வான்கூவர் நகரில், எண்ணெயில் போட்டு வைத்த நறுக்கிய பூண்டைக் குளிர்ப்பெட்டியில் வைக்காமல் பயன்படுத்திய ஓர் உணவகத்தில் சாப்பிட்ட பலர் இப்படித்தான் பாதிக்கப்பட்டார்கள். வாசனையிலோ நிறத்திலோ அந்த நச்சு தெரியாது. அன்றைய சமையலுக்கு வேண்டிய தூளை அன்றைக்கே குழைத்துக்கொள்ளுங்கள்; அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஊறும் நேரத்தில் அரிசியைக் களைந்து அடுப்பில் ஏற்றிவிடலாம்.